அக்கா அழித்த வரிகள்

தி. நகரில் ஒரு துணிக்கடைக்குப் பின்பக்கம், மூன்றாவது மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். ஒன்பது வருடமாக அங்கே என்ன செய்கிறேன் என்பதை வீட்டில் யாருக்கும் நான் சரியாக விளக்கியதில்லை. போனில் தமிழ் எழுதுவதற்கான கீபோர்டு செய்கிறோம். எந்த எழுத்து எங்கே இருந்தால் கட்டைவிரலுக்கு எட்டும், பாதி வார்த்தை அடித்ததும் மீதியை எப்படி ஊகித்துக் காட்டுவது, எழுதுவது அடுத்தவர் கைக்குப் போகாமல் எப்படிக் காப்பது, இதெல்லாம் என் பாடு. கீபோர்டைப் போட்டதும் வரும் முதல் திரையில், "நீங்கள் எழுதுவது உங்கள் போனை விட்டு வெளியே போகாது" என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதியவன் நான். கம்பெனி வக்கீல் அதை ஒரு பத்தியாக நீட்டப் பார்த்தார். சண்டை போட்டு ஒரே வரியாக வைத்தேன். அந்தத் திமிர் எனக்கு நெடுநாள் இருந்தது.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பிளவுஸ் தைப்பாள். தைப்பது பாதி, பேசுவது பாதி. அளவு கொடுக்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவளுக்குத் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "வர்றவனும் ரெண்டு வார்த்த பேசணும்ல. அவனுக்கு எங்க எடம் கீது?" என்பாள்.

அவளுடைய குரல்வளையில் கட்டி வந்தது. உயிர் வேண்டுமென்றால் குரலை விட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். விட்டாள். இப்போது கழுத்துக்கு நடுவில் ஒரு சிறு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைக்க மெல்லிய துணியில் சின்னச் சின்னத் துண்டுகளாக, புடவைகளுக்குப் பொருந்தும் நிறங்களில், ஆபரேஷனுக்கு முன்பே தைத்து வைத்திருந்தாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றையும் கொடுத்தார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். லிஃப்டுக்குள் கதவைச் சாத்தச் சொல்லும் பொம்பளை மாதிரி இருக்கிறது என்று எழுதிக் காட்டிவிட்டு, அதை அலமாரிக்குள் தூக்கிப் போட்டாள். மிச்சம் இருந்தது போன்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குத்தான் அழைத்து வந்தேன். நானும் மனைவியும் மட்டும் இருக்கிற வீடு. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்காக நான் வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து கட்டில் போட்டோம். அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள் தெரியும். தூசி ஆகாது என்று அதையும் சாத்தி வைத்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அக்கா அறைக்குத்தான் போவாள். அக்காவுக்கென்று சோற்றைத் தனியாகக் குழைய வடித்தாள். தைக்க வேண்டாம், நூல் தூசி துளைக்குள் போய்விடும் என்றேன். தனியாகக் கீழே இறங்க வேண்டாம், யாராவது இடித்தால் கத்தக்கூட முடியாது என்றேன். எல்லாவற்றுக்கும் அக்கா போனில் "சரி டா" என்று அடித்துக் காட்டினாள். சொன்ன பேச்சைக் கேட்கிற அக்காவை என் வாழ்க்கையில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உடம்புக்கு வந்தது அவளைப் பக்குவப்படுத்திவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். மடையன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீபோர்டின் புதிய பதிப்பு தயாரானால், ஊருக்கு விடும் முன் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனில் போட்டுப் பார்ப்போம். ஒருத்தரின் மாமியார், ஒருத்தரின் சித்தப்பா. அவர்கள் கையில் பிழைத்தால் எவர் கையிலும் பிழைக்கும். இந்தச் சோதனைப் பதிப்பு மட்டும், அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அலுவலகத்துக்கு அனுப்பும். பாஸ்வேர்டு, பேங்க் நம்பர் அடிக்கிற இடங்களை விட்டுவிடும், மற்றதெல்லாம் வரும். பெயர் வராது, ஆளுக்கு ஒரு எண் மட்டும் இருக்கும். இதற்குச் சம்மதமா என்று ஒரு திரை கேட்கும். அந்தச் சம்மதத்தைப் பெரியவர்கள் யாரும் கொடுத்ததில்லை. நாங்களே போனை வாங்கி, கேட்கிற எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று தட்டிவிட்டு, "இந்தா, இனிமே இதுல அடி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். எங்கள் வீட்டு மனிதர்கள்தானே, இதில் என்ன கேட்க இருக்கிறது? அக்காவின் போனையும் அப்படித்தான் வாங்கினேன், தட்டினேன், கொடுத்தேன். அதில் சுயநலமும் இருந்தது. காலையிலிருந்து இரவுவரை தமிழில் மட்டுமே அடிக்கிற ஆள் எங்களுக்கு லேசில் கிடைப்பதில்லை.

முதல் வாரமே அவளுக்கும் கீபோர்டுக்கும் தகராறு. அவள் "இன்னா" என்று அடித்தால் அது "என்ன" என்று திருத்தியது. "கீது" என்றால் "கீதம்" என்றது. ஒருவழியாக அதை ஏமாற்றி அடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்: "நான் ஒண்ணு சொன்னா இது ஒண்ணு சொல்லுது. உன்ன மாரியே இதுவும் ஆபீசர் ஆயிட்ச்சா?" எனக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் சேர்ந்த வருடமே என் வாயிலிருந்து "கீது"வைத் துடைத்து எறிந்தவன் நான். மறுநாள் உட்கார்ந்து சென்னைப் பேச்சு வார்த்தைகளை ஒரு பெரிய பட்டியலாகக் கீபோர்டில் சேர்த்தேன். அதன் பிறகு அவள் விரல் ஓடியது. பெருமையாக இருந்தது. இதற்காகத்தான் இந்த வேலையே என்று நினைத்தேன்.

ஆனால் போனில் அடித்துப் பேசுகிறவருடன் உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. அவள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பேன். "த" என்று வந்ததுமே "தண்ணியா?" என்பேன். "ஃபே" என்றால் எழுந்து ஃபேன் போட்டுவிடுவேன். அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். சில நேரம் தலையாட்டுவாள், சில நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அதையும் நான் களைப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் இப்படிப் போனது. சிந்தாதிரிப்பேட்டை வீட்டுக்காரம்மா ஒருநாள் கூப்பிட்டார். உருது பேசும் வயதான அம்மாள், அந்த வீட்டு மாடியிலேயே இருப்பவர். "உங்க அக்கா திரும்பி வருவாங்களா தம்பி? வேற ஒருத்தங்க வீட்ட கேக்கறாங்க. நீங்க சொல்றதுதான்" என்றார். பத்து நிமிடத்தில் முடிவெடுத்தேன். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன்: "அக்கா, இந்த மாசக் கடைசியில அந்த வீட்ட காலி பண்ணிடலாம். மெஷின யாராவது கேட்டா குடுத்துடலாம். இனிமே உன் வீடு இதுதான்."

அக்கா போனை எடுத்தாள். கட்டைவிரல் நெடுநேரம் அசைந்தது. திரை என் பக்கம் இல்லை. அவளுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது, என்னவோ பெரிதாக எழுதுகிறாள் என்று நினைத்தேன். கடைசியில் போனைத் திருப்பிக் காட்டினாள். "சரி டா."

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாள். சோதனைப் பதிப்பிலிருந்து வருவதையெல்லாம் பிரித்துப் பார்த்து, கீபோர்டு எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. யாராவது ஒரு எழுத்தை அழித்தால் அது ஒரு பிழை. அதிகம் அழித்தால் கீபோர்டு மோசம். எங்கள் தொழிலில் அப்படித்தான் கணக்கு.

"பதினேழாம் நம்பர் பாருங்க சார். எழுதுறதவிட அழிக்கிறதுதான் ஜாஸ்தி. ரெண்டு வார்த்த வைக்கறதுக்கு இருபது வார்த்த அழிக்கறாங்க. நம்ம கீபோர்டு அவங்கள ரொம்பப் படுத்துது போல."

எந்த எழுத்தில் விரல் தடுக்குகிறது என்று பார்ப்பதற்காக, அடித்ததை அடித்தபடியே திறக்கச் சொன்னேன். அழித்தது சிவப்பிலும் விட்டுவைத்தது கறுப்பிலும் வரும். முதல் வரியைப் படித்தேன். "சோறு கொழகொழன்னு கீது எறங்கல", சிவப்பு. "நல்லா கீது", கறுப்பு. அடுத்தது "சன்னல தொறடா மூச்சு முட்டுது", சிவப்பு. "ஒண்ணும் இல்ல", கறுப்பு. "உன் பொண்டாட்டி நல்லவதான் ஆனா என்ன கொழந்த மாரி", சிவப்பு. "அவளுக்கு மொதல்ல டீ குடு", கறுப்பு. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கண் கீழே ஓடியது. இரண்டு நாளைக்கு முந்தைய தேதிக்கு வந்தது. "வேணாம்டா", சிவப்பு. "காலி பண்ணாத", சிவப்பு. "என்ன எங்க ஊட்டுக்கே அனுப்பிடு", சிவப்பு. "நான் தனியா இருந்துக்குவேன்டா உன் கால்ல", சிவப்பு. அதற்குக் கீழே கறுப்பில், "சரி டா."

அந்தப் பெண்ணும் படித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மெதுவாக, "சார், இதுல ஒண்ணுகூட கீபோர்டு தப்பு இல்ல" என்றாள்.

"தெரியுது. மூடிடு. இத நான் பாத்துக்கறேன்."

"யாரோட அம்மாவா இருக்கும் சார்?"

தெரியவில்லை என்றேன். அதைச் சொன்ன வாய் இன்னும் எனக்குக் கசக்கிறது.

வெளியே வந்து பனகல் பூங்காவை இரண்டு முறை சுற்றினேன். வெயில். பைகளோடு ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நான்கு மாதமாக என் வீட்டில் ஒருத்தியை ஜன்னலைச் சாத்தி அடைத்து வைத்திருக்கிறேன், அவளும் சோறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அடைபட்டிருக்கிறாள். சரி, தெரிந்துவிட்டது, வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றால், எப்படித் தெரிந்தது என்று கேட்பாளே. அவள் என்னிடம் சொல்லவே கூடாது என்று அழித்ததை நான் படித்திருக்கிறேன். படித்ததைச் சொன்னால் திருடன். சொல்லாமல் விட்டால் அவள் வீடு போய்விடும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியவன் நானே.

அன்று மாலை குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தேன். சாதாரணமாகக் கேட்பதுபோல, "ஏன்க்கா, உனக்கு அந்த வீட்டுக்கே திரும்பிப் போகணும்னு இருக்கா? உண்மையச் சொல்லு" என்றேன். அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். போனை மார்போடு வைத்து அடித்தாள். பிறகு காட்டினாள்: "அதெல்லாம் இல்ல. உனுக்கு இன்னா ஆச்சு இன்னிக்கி?"

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனேன். முதல் தடவை தெரியாமல் படித்தேன். இந்தத் தடவை தெரிந்தே, கதவைத் தாழ்போட்டுவிட்டுப் படித்தேன். பதினேழாம் எண்ணைத் திறந்தேன். "ஆமாண்டா ஆமா", சிவப்பு. அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு வரி. அது எனக்குச் சொல்ல வந்ததில்லை, தனக்குத்தானே எழுதிக்கொண்டது. "போறேன்னு சொன்னா இவன் மனசு ஒடஞ்சி பூடும்."

நான் அழுதேன். அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதது அந்த ஒரு நாள்தான்.

பிறகு பொய் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் இடமாற்றம் நல்லது என்கிறார், கொஞ்ச நாள் பழைய வீட்டில் இருந்து பாரேன் என்றேன். "எந்த டாக்டரு? காது டாக்டரா?" என்று அடித்துக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குப் பொய் வராது என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரம்மா மனம் மாறிவிட்டார், நம்மையே இருக்கச் சொல்கிறார் என்றேன். அவருக்கே செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டாள். "சும்மா இரு. சொன்னா சொன்னதுதான். ஞாயித்துக்கெழம போயி ஏறக்கட்டிட்டு வந்துடலாம்" என்றாள். டெம்போ ஏற்பாடு செய்தேன். மெஷினைக் கேட்டு ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். நாள் நெருங்க நெருங்க அக்காவின் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது. அவள் போனைக் கையில் எடுத்தாலே நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன்.

மனைவியிடம் சொன்னேன். குழைந்த சோற்று வரியை மட்டும் சொல்லவில்லை. அவள் கைவேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "உங்க அக்கா மனசுல நெனச்சத ஒட்டுக் கேட்டிருக்கீங்க. அவங்ககிட்டயே சொல்லிடுங்க. சொல்லாம இந்த வீட்ல நம்மளால அவங்க மூஞ்சியப் பாக்க முடியாது" என்றாள். எனக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் வியாழன் போய் வெள்ளி வந்தது, வெள்ளி போய் சனி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனோம். சந்துக்குள் டெம்போ நுழையாது, முனையில் நின்றது. அக்கா கதவைத் திறந்து உள்ளே போனாள். நான்கு மாதத் தூசி. மற்றவர்கள் மூக்கை மூடுவதுபோல அவள் கழுத்துத் துணியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் மெஷினைத் துடைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள். ஊசியில் நூல் இல்லை. சும்மாவே ஓட்டினாள். பெடல் ஆடும் சத்தமும் சக்கரம் சுற்றும் சத்தமும் அந்தச் சின்ன அறையை நிரப்பின. நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன்.

டெம்போக்காரர் வாசலில் வந்து நின்றார். "இன்னா சார், ஏத்தலாமா? அங்க வண்டிய எடுக்கச் சொல்லிக் கத்திக்கினு கீறாங்க. மொதல்ல மிசினத் தூக்கிடட்டா?"

அக்கா பெடலிலிருந்து காலை எடுத்து, தூக்கிக்கொள்ளட்டும் என்று எழுந்து ஒதுங்கினாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நின்றபடியே சொன்னேன். அவள் போனில் அடித்ததெல்லாம் என் ஆபீசுக்கு வந்தது. அழித்ததும் வந்தது. நான் படித்தேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அழித்தது எப்படி வரும் என்று கையை விரித்துக் கேட்டாள். அழிக்கிற எழுத்தையும் எண்ணுவதுதான் எங்கள் வேலை என்று விளக்கினேன். புரிந்ததும் முகம் கறுத்தது. கழுத்துத் துணி மேலும் கீழும் போனது, துளையிலிருந்து காற்று சீறுகிற சத்தம் கேட்டது. போனை எடுத்து அடித்தாள்.

"எப்பலேந்து?"

"நான் போட்டுக் குடுத்தேனே, அன்னிலேந்து."

"என்ன ஏன் கேக்கல?"

"போனு கேட்டுச்சிக்கா. உனக்குப் பதிலா நானே சரின்னு அமுக்கிட்டேன்."

"எத்தினி தபா படிச்ச?"

"ரெண்டு தபா. மொத தபா தெரியாம. ரெண்டாவது தபா தெரிஞ்சேதான்." என் வாயில் பழைய பேச்சு தானாக வந்துகொண்டிருந்தது.

மெஷின்மேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்து என் தோளில் அடித்தாள். ஓங்கி இன்னொன்று. வலித்தது. இன்னும் நாலு அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஸ்கேலைப் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகில் தட்டிப் போனை நீட்டினாள்.

"வாய்தான் பூட்ச்சின்னு நெனச்சேன். மனசுல கீறதையும் நீ எட்த்துக்கினியேடா. பேசிக்கினு இருந்தப்ப எவ்ளோ முழுங்கியிருப்பேன், உனுக்கு ஒண்ணாவது தெரியுமா? தெரியாது. அதனாலதான் நம்ம நல்லா இருந்தோம்."

மன்னிச்சுடுக்கா என்றேன். அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. போனை மறுபடி வாங்கி இரண்டே வார்த்தை அடித்தாள். "எடு இத."

அவள் கண்முன்னாலேயே கீபோர்டை எடுத்தேன். அலுவலகத்தில் இருப்பதையும் நாளைக்கே அழித்துவிடுகிறேன் என்றேன். அவள் கதவைத் திறந்துகொண்டு சந்து முனைக்கு நடந்தாள். டெம்போவுக்கு எதிரே நின்று, போ போ என்று கையை வீசினாள். அந்த மனுஷர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். போங்க என்று நானும் சொன்னேன்.

அக்கா அங்கேயே இருக்கிறாள். மாடியில் வீட்டுக்காரம்மாவின் சமையலறையில் ஒரு மணியைக் கட்டி, அதன் கயிற்றை ஜன்னல் வழியாகத் தன் கட்டில்வரை இழுத்துக்கொண்டிருக்கிறாள். ஏதாவது என்றால் இழுப்பாளாம். துளைக்குமேல் இரட்டைத் துணி கட்டிக்கொண்டு தைக்கிறாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் பழையபடி உட்கார்ந்து பேசுகிறார்கள். இப்போது அவள் கேட்கிறாள், அவர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குத் தினமும் காலையில் ஒரு மிஸ்டு கால் வரும், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். எடுத்தால் கட் செய்துவிடுவாள்.

அழித்த எழுத்துகள் இனி அலுவலகத்துக்கு வரவே கூடாது, எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும் வந்தால் போதும் என்று சண்டை போட்டேன். அப்புறம் எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று மேலே இருப்பவர் கேட்டார். கண்டுபிடிக்காவிட்டால் போகட்டும் என்றேன். ஒருவழியாக ஒத்துக்கொண்டார். சம்மதம் கேட்கும் திரையைப் போனுக்குச் சொந்தக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, அவர் விரலாலேயே அழுத்த வைக்க வேண்டும் என்றும் விதி வைத்தோம். படித்துக் காட்டியதும் பாதிப் பேரின் மாமியார்களும் சித்தப்பாக்களும் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருக்கு விடும் பதிப்பின் முதல் திரையில் என் வரி இன்னும் இருக்கிறது. அந்தப் பதிப்பில் அது பொய்யும் இல்லை. ஆனாலும் அந்தத் திரை வரும்போதெல்லாம் நான் வேகமாக அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போவேன். மனைவியும் வருவாள், அவளிடம் அக்கா போனில் அடித்துப் பேசுகிறாள், சிரிக்கிறாள். நான் இருந்தால் போனைத் தொடுவதில்லை. என்னோடு பேசத் தையல் சாக்பீஸ்தான். வெட்டுகிற மேஜைமேல் விரித்திருக்கும் கறுப்பு லைனிங் துணியில் எழுதுவாள், நான் படித்ததும் உள்ளங்கையால் துடைத்துவிடுவாள். அதிகம் எழுதவும் மாட்டாள். சாப்பிட்டியா, மழ வருது கெளம்பு, அந்த மாதிரிதான்.

போன ஞாயிறு நான் மட்டும் போயிருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன், கேட்டுவிட்டேன். "எம்மேல இன்னும் கோவமாக்கா?"

அவள் சாக்பீஸை எடுத்தாள். இடது கையை மடித்து மறைத்துக்கொண்டு குனிந்து எழுதினாள். ஒரு வரி இல்லை, இரண்டு மூன்று வரி. சாக்பீஸ் துணியில் உரசும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நிறுத்தினாள். எழுதியதைத் தானே ஒருமுறை படித்தாள், தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறைத்த கையை எடுக்காமலேயே மறு உள்ளங்கையால் எல்லாவற்றையும் துடைத்தாள். அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் "டீ குடிக்கிறியா" என்று எழுதினாள்.

துடைத்த இடத்தில் வெள்ளையாகத் தடம் இருந்தது. உற்றுப் பார்த்தால் ஒன்றிரண்டு எழுத்து தெரிந்திருக்கலாம். நான் எழுந்து உள்ளே போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, டீ போட்டேன்.